ஒரு வாளித் தண்ணீர்

நம்மவர்களுக்கு வெளிநாட்டுப் பயணம் புதிதல்ல. ஹஜ்ஜுக்குப் போகிறோம். வியாபாரத்துக்குப் போகிறோம். குடும்பக் கஷ்டம் தீர மத்திய கிழக்குக்குப் போகிறோம். வசதியுள்ளோர் மேற்படிப்புக்குப் போகின்றனர். இவற்றில் போகிறவருக்கு ஒரு பெயர் இருக்கிறது: ஹாஜியார், வியாபாரி, தொழிலாளி, பட்டதாரி. ஆனால் இவற்றுள் அடங்காத இன்னொரு பயணமும் உண்டு. பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளையொன்று தனியே ஓர் அந்நிய நாட்டுக்குப் போகிறது. முன்பின் அறியாத குடும்பமொன்றின் வீட்டில், அந்த வீட்டுப் பிள்ளையைப் போலவே ஓராண்டு வாழ்கிறது. அவ்வூர்ப் பாடசாலையில் படித்துவிட்டுத் திரும்பி வருகிறது. மாணவர் பரிமாற்றம் என்று இதற்குப் பெயர்.

இப்பயணத்தைப் பற்றி வாசிக்கும்போதும் கேட்கும்போதும் ஒரு கேள்வி என்னை விடாது தொடர்கிறது. அது கல்வி பற்றிய கேள்வியன்று, அறம் பற்றியது. புதிதாய் வந்தவர் தவறு செய்வார். செய்யாமல் இருக்க முடியாது. அந்தத் தவறுக்கான விலையை யார் கொடுப்பது?

முதலில் இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். முதலாம் உலக யுத்த காலத்தில் பிரான்சின் போர்முனைகளில் காயம்பட்டவர்களை ஏற்றி இறக்கிய அமெரிக்கத் தொண்டர்களின் அம்பியூலன்ஸ் சேவையொன்று இருந்தது. ஏ.எஃப்.எஸ். என்பது அதன் பெயர்ச்சுருக்கம். இரண்டாம் உலக யுத்தத்திலும் அதே பணியைச் செய்த அந்தச் சாரதிகள், யுத்தம் ஓய்ந்த பின் வேறொரு வேலையைக் கையிலெடுத்தனர். 1947இல் 10 நாடுகளிலிருந்து 52 மாணவர்களை அழைத்துவந்து அமெரிக்கக் குடும்பங்களோடு தங்கவைத்தனர். இரண்டு யுத்தங்களின் காயங்களைக் கண்ட பிறகு, காயம் படுவதற்கு முன்னரே ஏதேனும் செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

2001 செப்டெம்பர் 11க்குப் பின்னர் இதே எண்ணம் வேறொரு வடிவில் வந்தது. எட்வர்ட் கென்னடி, ரிச்சர்ட் லூகர் என்ற இரு செனட்டர்களின் முயற்சியால் 2002 ஒக்டோபரில் அமெரிக்க காங்கிரஸ் இளைஞர் பரிமாற்றத் திட்டமொன்றை உருவாக்கியது. இந்தோனேசியா, பாகிஸ்தான், எகிப்து, நைஜீரியா எனக் கணிசமான முஸ்லிம்கள் வாழும் நாடுகளின் பிள்ளைகள் அதன்மூலம் அமெரிக்கச் சிற்றூர்களுக்குப் போனார்கள். 2009 முதல் அமெரிக்கப் பிள்ளைகளும் அந்நாடுகளுக்கு அனுப்பப்பட்டனர். பிள்ளையை ஏற்கும் குடும்பத்துக்கு அதற்காக ஊதியம் எதுவும் கொடுக்கப்படுவதில்லை.

இதெல்லாம் வல்லரசின் பிரசார உத்தி என்று நண்பர்கள் சிலர் சொல்வார்கள். அரசுகளுக்கு நோக்கம் இருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் காலை ஆறரை மணிக்கு அந்நியர் வீட்டுக் குளியலறைக் கதவின் முன்னால், தட்டலாமா கூடாதா என்று தயங்கி நிற்பது அரசு அல்ல. அது ஒரு பிள்ளை. என் கேள்வி அந்தப் பிள்ளையைப் பற்றியது.

சில வருடங்களுக்கு முன் கோலாலம்பூரில் ஓர் இலக்கியச் சந்திப்பில் இந்தோனேசிய ஆசிரியை ஒருவரைச் சந்தித்தேன். பதினாறு வயதில் அமெரிக்காவின் சிறுநகரமொன்றில் ஓராண்டு இருந்தவர். முதல் மாதம் முழுக்கத் தாம் பசியோடு கிடந்த கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னார். வந்திறங்கிய அன்று அந்த வீட்டம்மா குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து காட்டி, வேண்டியதை எடுத்துச் சாப்பிடு என்று சொல்லிவிட்டார். அதன்பின் ஒருவரும் சாப்பிடு சாப்பிடு என்று கேட்கவில்லை. நம் வீடுகளைப் போலவே அவர் வளர்ந்த வீட்டிலும், விருந்தாளி இரண்டு முறை வேண்டாம் என்று சொல்வதும் மூன்றாம் முறை வற்புறுத்தலுக்கு இணங்குவதுமே மரியாதை. இவர் மூன்றாம் முறைக்காகக் காத்திருந்தார். அங்கோ முதல் முறையே இறுதி முறையாக இருந்தது. பிள்ளைக்கு நம் சமையல் பிடிக்கவில்லை போலும் என்று வீட்டம்மா உள்ளூர வருந்திக்கொண்டிருந்தாராம்.

பாடசாலையிலும் இதே கதைதான். நம் நாடுகளில் மாணவர் இருக்க ஆசிரியர் வகுப்பு மாறுவார். அங்கே ஆசிரியர் இருக்க, ஒவ்வொரு பாடத்துக்கும் மாணவர் அறை தேடி ஓட வேண்டும். எப்படி இருக்கிறாய் என்று கேட்பவர் பதிலுக்காக நிற்பதில்லை. அது ஸலாம் போன்றதொரு முகமன் மட்டுமே என்பது விளங்க நாளாகிறது. உம்மாவுக்கு நன்றி சொன்னால் நம் வீடுகளில் உம்மாவுக்கு மனம் நோகும். அங்கே கோப்பையை நீட்டியவருக்கு நன்றி சொல்லாவிட்டால் நோகும். மதிய உணவு மண்டபத்தில் தட்டை ஏந்தியபடி எந்த மேசையில் அமர்வது என்று தெரியாமல் நிற்கும் அந்த அரை நிமிடம், எந்தப் பரீட்சையையும்விடக் கடினமானது என்றார் அந்த ஆசிரியை.

அவர் சொன்னவற்றுள் என் மனதில் தங்கியது தண்ணீர்க் கதை. நம்மைப் போலவே தண்ணீர் அள்ளிச் சுத்தம் செய்து பழகியவர் அவர். அந்த வீட்டுக் குளியலறைத் தரையில் தண்ணீர் ஓட வழியில்லை என்பது அவருக்குத் தெரியாது. மேல்மாடியில் அவர் அள்ளி ஊற்றிய தண்ணீர் பலகைத் தரை வழியே கசிந்து, கீழே சாப்பாட்டறையின் முகட்டில் பெரிய கறையாக இறங்கியது. வீட்டுக்காரர் மேலே வந்தார். ஒன்றும் பேசாமல் துணியால் தரையைத் துடைத்தார். அன்றிரவு, உங்கள் ஊரில் இதை எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டறிந்தார். மறுநாள் பாடசாலை விட்டு வந்தபோது கழிப்பறையில் ஒரு நீலநிறச் சாடியும், அதன்கீழ் தண்ணீர் சிந்தாதிருக்க ஒரு தட்டும் வைக்கப்பட்டிருந்தன. ஆண்டு முடிந்து திரும்பும்வரை முகட்டுக் கறை அப்படியே இருந்ததாம். விருந்தினர் வந்தால் அந்தக் கறையைக் காட்டி, எங்கள் மகள் வந்த அடையாளம் என்று அவர் சொல்வாராம்.

இதைக் கேட்டபோது, நாம் அனைவரும் அறிந்த ஒரு ஹதீஸ் எனக்கு ஞாபகம் வந்தது. புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருப்பது. பாலைவனத்துக் கிராமவாசி ஒருவர் மஸ்ஜிதுந் நபவிக்குள் வந்து சிறுநீர் கழிக்கத் தொடங்கினார். ஸஹாபாக்கள் பதறி அவரைத் தடுக்க எழுந்தனர். நபி (ஸல்) அவர்கள் அவர்களைத் தடுத்து, அவர் முடிக்கும்வரை விடச் சொன்னார்கள். பின்னர் அந்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் செய்தார்கள். அம்மனிதரை அழைத்து, பள்ளிவாசல் எதற்கான இடம் என்பதை மென்மையாக விளக்கினார்கள்.

இச்சம்பவத்தை நாம் பெரும்பாலும் பொறுமைக்கு உதாரணமாகவே பயான்களில் கேட்கிறோம். என் கேள்விக்கான விடையும் அதில் இருக்கிறது. தவறுக்கு ஒரு விலை உண்டு என்பது அங்கே மறுக்கப்படவில்லை. பள்ளிவாசல் அசுத்தமானது உண்மை. அதைக் கழுவியாக வேண்டும். ஆனால் கழுவும் செலவு அவ்விடத்தவரின் மீது விழுந்தது. புதியவரின் மீது விழவில்லை. விலையின் அளவும் கவனிக்கத்தக்கது. ஒரு வாளித் தண்ணீர். அதற்குமேல் ஒரு துளியும் இல்லை.

இன்னொன்றும் அதில் உண்டு. அவரைத் திருத்தாமல் அனுப்பவில்லை. மன்னிப்பதற்கும் அலட்சியம் செய்வதற்கும் இடையில் வேறுபாடு இருக்கிறது. பாவம், இவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது என்று ஒருவரின் தவறைச் சொல்லாமலே விட்டுவிடுவது பெருந்தன்மை போலத் தோன்றும். உண்மையில் அது அவரைக் கற்றுக்கொள்ளத் தகுதியற்றவராகக் கருதுவது. வீட்டுக்காரர் சாடியை மட்டும் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால் அது தர்மம். கேட்டறிந்து, தரை ஏன் நனையக் கூடாது என்பதையும் விளக்கியதால் அது உறவாயிற்று.

எல்லா வேறுபாட்டையும் தவறு என்ற கணக்கில் சேர்த்துவிடவும் கூடாது. பன்றி இறைச்சியை மறுப்பதும், தொழுகை நேரத்தில் ஒதுங்குவதும் மன்னிக்கப்பட வேண்டிய தவறுகள் அல்ல. அமெரிக்கப் பாடசாலைகளில் காலையில் கொடியைப் பார்த்து விசுவாசப் பிரமாணம் சொல்வார்கள். அதைச் சொல்லும்படி எந்த மாணவரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1943இலேயே தீர்ப்பளித்துவிட்டது. வந்த பிள்ளை மரியாதையாக எழுந்து மௌனமாக நின்றால் போதும். அதேபோல, வந்த பிள்ளையும் அந்த வீட்டாரின் வழக்கங்களைத் திருத்தப்பட வேண்டிய பாவங்களின் பட்டியலாகப் பார்க்கலாகாது. வீட்டாரும் தவறுவார்கள். இனிப்பில் ஜெலட்டின் இருப்பதை அறியாமல் அன்போடு நீட்டுவார்கள். அப்போது வாளி பிள்ளையின் கையில் இருக்கிறது.

அந்நிய நாட்டில் ஒருவர் எவ்வாறு இசைந்துபோகிறார் என்பது பற்றி ஆய்வாளர்கள் நிறைய எழுதியுள்ளனர். அமெரிக்காவுக்குச் சென்று திரும்பிய நோர்வே நாட்டவர்களை ஆராய்ந்து, ஸ்வெர்ரே லிஸ்கார்ட் என்ற சமூகவியலாளர் 1955இல் ஒரு வளைகோட்டை முன்வைத்தார். வந்த புதிதில் உற்சாகம், சில மாதங்களில் சரிவு, பின்னர் மெல்ல எழுச்சி. ஆங்கில எழுத்தான 'யூ'வின் வடிவில் அமைந்த அந்தக் கோடு பிற்காலத்தில் மிகவும் பிரபலமாயிற்று. எனக்கு அதில் ஒரு குறை தெரிகிறது. அது வந்தவரின் மனதை மட்டுமே அளக்கிறது. ஏற்ற வீட்டின் ஏற்ற இறக்கத்தை அது வரையவில்லை. இசைவாக்கம் என்ற சொல்லையே நாம் வந்தவரின் கடமையாக மட்டும் புரிந்துவைத்திருக்கிறோம். பிள்ளை நன்றாகப் பழகிவிட்டது என்று பாராட்டுகிறோம். வீடு பழகியதா என்று எவரும் கேட்பதில்லை.

ஜேர்மன் தத்துவஞானி இம்மானுவேல் கான்ட் 1795இல் நிரந்தர சமாதானம் பற்றி எழுதிய நூலில் இதற்கு நெருக்கமான ஒரு வேறுபாட்டைச் சொல்கிறார். அந்நிய மண்ணில் கால் வைக்கும் எவருக்கும் பகைவராக நடத்தப்படாதிருக்கும் உரிமை உண்டு. அது வந்துபோகும் உரிமை. ஆனால் ஒரு காலத்துக்கு வீட்டவருள் ஒருவராக வாழ்வதற்கு, அன்பின் அடிப்படையிலான தனியானதோர் உடன்பாடு தேவை என்கிறார். பரிமாற்ற மாணவரின் நிலை இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அந்த உடன்பாட்டில் காப்புறுதி, பாடசாலை, திரும்பும் திகதி எல்லாம் எழுதப்பட்டிருக்கும். எழுதப்படாத ஒரு விதியும் அதில் இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். நீ தவறலாம், அதற்காக உன்னை இழந்துவிட மாட்டோம் என்பதே அவ்விதி.

அந்த விதி ஒரு வீட்டுக்குள் மட்டும் இருந்தால் போதாது. அதற்கு ஒரு துயரமான சாட்சி இருக்கிறது.

1992இல் ஏ.எஃப்.எஸ். மூலம் ஜப்பானிலிருந்து லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகருக்கு வந்தவர் யோஷிஹிரோ ஹட்டோரி. வயது 16. நல்ல குடும்பமொன்றில் தங்கியிருந்தார். ஒக்டோபர் 17ஆம் திகதி மாலை, ஹலோவீன் விருந்தொன்றுக்காக, தம்மை ஏற்ற வீட்டின் மகனோடு புறப்பட்டார். சினிமாவில் வரும் நடனக்காரனைப் போல வெள்ளை உடை அணிந்திருந்தார். இருவரும் முகவரியைத் தவறவிட்டு வேறொரு வீட்டின் மணியை அடித்தனர். கதவைத் திறந்த பெண் அஞ்சினார். அவரது கணவர் துப்பாக்கியோடு வந்து, அசையாதே என்ற பொருளில் ஓர் ஆங்கிலச் சொல்லைக் கூவினார். அந்தச் சொல்லுக்குப் பாடப்புத்தகப் பொருள் பனியாய் உறைவது. ஹட்டோரி அதைப் புரிந்துகொள்ளவில்லை என்றே பலரும் கருதுகின்றனர். அவர் முன்னால் நகர்ந்தார். சுடப்பட்டு இறந்தார். வந்து இரண்டு மாதமளவே ஆகியிருந்தது. சுட்டவரை 1993இல் ஜூரிகள் குற்றமற்றவர் என்று விடுவித்தனர். அடுத்த ஆண்டு சிவில் நீதிமன்றம் அவர் நட்டஈடு வழங்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

ஒரு வீட்டிலக்கம் தவறியது. ஒரு சொல் விளங்கவில்லை. அந்நிய ஊரில் எந்தப் பிள்ளைக்கும் நாளொன்றுக்குப் பத்து முறை நேரக்கூடிய தவறுகள் இவை. அவை ஓர் உயிரின் விலைக்கு விற்கப்பட்டன. ஒரு சமூகம் எவ்வளவு அச்சத்தோடு வாழ்கிறதோ அவ்வளவுக்குப் புதியவரின் தவறு விலையேறுகிறது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இதை எழுதும்போது நம் பக்கத்தையும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பதினேழு வயதில் அந்நிய நாட்டில் அந்நியர் வீட்டில் வாழப் போன பிள்ளை நமக்கும் இருந்தது. மூதூரின் ரிஸானா நபீக் 2005இல் ஸவூதி அரேபியாவுக்குப் போனபோது அவரது பிறப்பத்தாட்சிப்படி வயது 17. கடவுச்சீட்டில் வயது கூட்டப்பட்டிருந்தது. போய்ச் சில வாரங்களிலேயே அவரது பராமரிப்பில் இருந்த கைக்குழந்தை இறந்தது. பாலூட்டும்போது குழந்தைக்குப் புரைக்கேறியது என்றார் அவர். முதல் விசாரணையின்போது தகுந்த மொழிபெயர்ப்பு இருக்கவில்லை என்று மனித உரிமை அமைப்புகள் சுட்டிக்காட்டின. 2007இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2013 ஜனவரி 9ஆம் திகதி அது நிறைவேற்றப்பட்டது. அந்த வழக்கை இங்கே மீண்டும் விசாரிக்க நான் முற்படவில்லை. குழந்தையை இழந்த தாயின் துயரையும் சிறிதாக எண்ணவில்லை. நான் கேட்பது அதற்கு முந்திய கேள்வி.

ஒரே வயதுப் பிள்ளைகள் இருவர் அந்நியர் வீட்டுக்குள் நுழைகின்றனர். இருவருக்கும் மொழி தெரியாது, வழக்கம் தெரியாது. பரிமாற்ற மாணவரைப் பொறுத்தவரை, அவர் தங்கும் வீட்டிலிருந்து 120 மைலுக்குள் ஒரு பொறுப்பாளர் வசிக்க வேண்டும், மாதத்துக்கு ஒருமுறையேனும் அவர் பிள்ளையோடு தொடர்புகொள்ள வேண்டும் என்று அமெரிக்க விதிகள் கூறுகின்றன. வீடு ஒத்துவராவிட்டால் வேறு வீடு பார்க்கப்படும். பணிப்பெண்ணாகப் போகும் பிள்ளைக்கு மாதமொருமுறை யார் தொலைபேசி எடுத்தார்? மன்னிப்பு என்பது நல்ல மனம் மட்டுமல்ல; அதற்கு ஓர் ஏற்பாடு வேண்டும். ஒருவருக்குத் தவறும் உரிமை கொடுக்கப்படுகிறதா என்று பார்த்தாலே அவ்வீட்டில் அவர் யார் என்பது தெரிந்துவிடும். தவறலாம் என்றால் பிள்ளை. தவறினால் தொலைந்தாய் என்றால் வேலைக்காரி.

இந்த அளவுகோல் மத்திய கிழக்கை அளக்க மட்டும் உரியதல்ல. நம் ஊர்களின் வசதியான வீடுகளுக்கும் தூரத்துக் கிராமங்களிலிருந்தும் மலையகத்திலிருந்தும் சிறு பெண்கள் வேலைக்கு வந்திருக்கிறார்கள். அந்த வீடுகளில் மகளின் கையால் பீங்கான் உடைந்தால், போனால் போகட்டும், கண்ணேறு கழிந்தது என்பார்கள். அதே பீங்கான் அந்தப் பிள்ளையின் கையால் உடைந்தால் என்ன சொன்னார்கள் என்பதை அவ்வீட்டுச் சுவர்கள் அறியும்.

வெள்ளிக்கிழமைகளில் நாம் ஓதும் சூரத்துல் கஹ்ஃபில் ஒரு பயணம் வருகிறது. மூஸா (அலை) அவர்கள் கற்பதற்காக ஹிழ்ர் (அலை) அவர்களோடு போகிறார்கள். தாமாகச் சொல்லும்வரை எதையும் கேட்கக் கூடாது என்பது நிபந்தனை. மூஸா (அலை) அவர்களால் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஒரு நபிக்கே அந்நியமான வழிகளைக் காணும்போது பொறுமை தவறுகிறது. பயணம் அத்தோடு முறிந்துவிடவில்லை. இரண்டு முறை தவறிய பின்னரும் தொடர்ந்து நடக்கிறார்கள். மூன்றாவதற்கு முன் ஓர் ஊர் வருகிறது. இருவரும் உணவு கேட்கிறார்கள். ஊரார் விருந்தளிக்க மறுத்துவிடுகிறார்கள். அவ்வூரில் விழும் நிலையில் ஒரு சுவர் இருந்தது. ஹிழ்ர் (அலை) அதைக் கூலியின்றி நிமிர்த்தி வைக்கிறார்கள். அது அவ்வூரின் அநாதைப் பிள்ளைகள் இருவருக்குச் சொந்தமான சுவர் என்பது பிறகுதான் சொல்லப்படுகிறது.

ஹட்டோரியின் பெற்றோர் துப்பாக்கிக் கட்டுப்பாடு கோரி ஜப்பானில் 17 இலட்சம் கையொப்பங்களைத் திரட்டினர். 1993 நவம்பரில் ஜனாதிபதி கிளின்டனைச் சந்தித்தனர். அமெரிக்காவுக்கு இனிப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. மகனின் பெயரால் ஒரு நிதியம் அமைத்தார்கள். அமெரிக்கப் பிள்ளைகள் ஜப்பானுக்கு வந்து ஒரு வீட்டில் தங்கி, ஒரு பாடசாலையில் படித்துத் திரும்ப அது உதவுகிறது. தங்கள் மகனைக் கொன்ற ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள் ஜப்பானிய வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்ற மறப்பார்கள். குளிக்கும் தொட்டிக்குள் சவர்க்காரத்தோடு இறங்கிவிடுவார்கள். யாரோ ஒரு ஜப்பானியத் தாய் சிரித்துக்கொண்டு தண்ணீரை மாற்றிவிட்டு, இங்கே இப்படித்தான் மகனே என்று சொல்லிக் கொடுப்பார்.